ராஸ் கேலப் வாங்கிய கோழி

"கோழி வாங்கிட்டான்டி! என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்!"

எக்பர்ட் மூச்சிரைக்க வீட்டுக்குள் நுழைந்தார். மனைவி மெர்லீன் வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு?"

"வேற யாரு, ராஸ் கேலப்புதான்! முழுக் கோழி. காகிதத்துல சுத்தி, கீரைக்கட்டுக்கு அடியில ஒளிச்சு எடுத்துட்டுப் போறான்!"

அறுபத்தெட்டு வயதில் எக்பர்ட்டுக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்து வெகு நாளாயிற்று.

ராஸ்தா என்ற ஜமைக்கா சமய நெறியைச் சேர்ந்த கேலப், இடுப்புவரை சடை வளர்த்தவர். மாமிசம் தொட மாட்டார். உப்புக்கூடப் போடாமல் கீரையும் கிழங்கும் சமைத்துத் தெருமுனையில் விற்பவர். அவர் கையில் கோழி என்றால் ஜமைக்காவில் எந்தத் தெருவும் கைகொட்டிச் சிரிக்கும்.

எக்பர்ட்டுக்கு அதைவிடப் பெரிய காரணம் இருந்தது. டாக்டர் மூன்று மாதம் கெடு வைத்திருந்தார். சர்க்கரை இறங்காவிட்டால் இடது கால் கட்டைவிரல் போய்விடும்.

"கீரை, கிழங்கு, பயறு, பழம். விளைஞ்சது விளைஞ்சபடி சாப்பிடுங்க. கோழி வறுவலை மறந்துடுங்க."

எதை, எவ்வளவு, எப்படி? எக்பர்ட் விசாரிக்காத இடமில்லை. போன் வீடியோவில் ஒருவன் தேங்காய் விஷம் என்றான். அடுத்தவன் தேங்காயெண்ணெயை டம்ளரில் ஊற்றிக் குடி என்றான். ரேடியோவில் பேசியவர் வாழைப்பழம் ஆகாது என்றார். சர்ச்சில் பக்கத்தில் உட்காரும் அம்மாள் எல்லாவற்றையும் உருக்கமாகக் கேட்டுவிட்டு, ஒரு பவுடர் டப்பாவைத் தலையில் கட்டிவிட்டுப் போனாள். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் எக்பர்ட். எது பெரிய எழுத்தில் இருந்ததோ அதை நம்பினார்.

கடைசியில் மெர்லீன்தான் கேட்டாள்: "நாப்பது வருஷமா இதையே சாப்பிட்டு, கல்லு மாதிரி இருக்கிற மனுஷன் தெருமுனையில இருக்காரு. அவரைக் கேட்டா என்ன?"

கேட்கலாம்தான். ஆனால் பதினோரு வருஷத்துக்கு முன்னால் டாமினோ என்ற புள்ளிக்கட்டை ஆட்டத்தில் கேலப் அவரை ஆறுக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்திருந்தார். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்கு நின்ற பேச்சு.

அதனால் எக்பர்ட் கேட்கவில்லை. மெர்லீனை அனுப்பிச் சாப்பாடு மட்டும் வாங்கிவரச் சொன்னார். "எனக்குன்னு சொல்லிடாதே" என்று எச்சரித்தும் வைத்தார்.

இரண்டு மாதத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. எதிரியின் சமையலால் இறங்கியதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இன்று அந்தக் கோழி கண்ணில் பட்டது.

"அவனே கோழி திங்கிறான்! அப்புறம் நான் எதுக்குடி உப்பில்லாத கீரையைக் கட்டிக்கிட்டு அழணும்?"

"உங்களுக்கு வேண்டியது உண்மையா, கோழி வறுவலா?"

எக்பர்ட் செருப்பை மாட்டினார். "நாலு பேர் முன்னால நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்கப்போறேன்."

தடுப்பாள் என்று நினைத்தார். மெர்லீன் கத்தியைக் கீழே வைத்தாள்.

"போங்க. இப்பவே போய்க் கேளுங்க."

கடையில் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். கேலப் பின்கட்டில், மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, தனி அடுப்பில் ஒரு சின்னப் பானையைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் வந்து பாருங்கப்பா! நமக்குக் கீரையாம், சாமியாருக்குக் கோழியாம்!" என்று கத்தினார் எக்பர்ட்.

கேலப் திரும்பிப் பார்த்தார்.

"பதினோரு வருஷம் கழிச்சு வாயைத் திறந்திருக்கே. வா ராஜா."

"பானையில என்னய்யா?"

"கோழி."

மறுக்காதது எக்பர்ட்டுக்குப் பெரிய ஏமாற்றம். நாலு வசனம் யோசித்து வைத்திருந்தார்.

"எனக்கில்லை ராஜா. கிட்னி போன ஒருத்தருக்கு. வாரம் மூணு நாள் மெஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்றாங்க. கீரையும் வாழையும் அவருக்கு ரொம்பக் கொஞ்சம்தானாம். ஆனா தினம் ஒரு துண்டு கோழி வேணுமாம்."

"ஏன், உன் கீரை எல்லாத்தையும் குணப்படுத்துமே!"

"நான் அப்படிச் சொன்னதே இல்லை. உனக்குக் கீரை நல்லது. அவருக்கு அது ஆபத்து. எனக்கும் தெரியாமத்தான் இருந்தது, ஆஸ்பத்திரி வாசல்ல அரை நாள் உட்கார்ந்து கேட்டுட்டு வந்தேன்."

எக்பர்ட் விடவில்லை.

"யாருய்யா அந்த மகாராஜா? ஆக்கிப் போட அவருக்குன்னு ஒரு நாதி இல்லையா?"

கேலப் கரண்டியைப் பானையில் விட்டுவிட்டு, பக்கத்து அறையின் திரையை விலக்கினார்.

கட்டிலில் எலும்பும் தோலுமாகத் தூங்கிக்கொண்டிருந்தவர் லின்வால். எக்பர்ட்டின் கூடப்பிறந்த அண்ணன். அப்பாவின் கிழங்குத் தோட்டத்தைப் பிரித்த நாளிலிருந்து ஒன்பது வருஷமாக முகம் பார்க்காத அண்ணன்.

"எனக்கு யாரும் சொல்லலையே..." என்றார் எக்பர்ட்.

லின்வால் பெயரை எடுத்தாலே எக்பர்ட் எழுந்து போய்விடுவார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும், சாப்பாடு வாங்க வந்துபோன மெர்லீனுக்கும்.

கேலப் பானையிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, ஊதி ஆற்றி, எக்பர்ட்டிடம் நீட்டினார்.

"அவர் நாலு நாளா சரியாவே சாப்பிடலை. நான் இதை வாயில வைக்க மாட்டேன், ருசி தெரியாது. அவரோ குறை சொல்ல மாட்டேங்கிறார். உன் அண்ணனுக்கு எப்படி இருந்தா பிடிக்கும், ராஜா? நம்பிக் கேட்க எனக்கு உன்னைவிட்டா வேற ஆளில்லை."