யட்டியாந்தோட்டைக்கு ரெண்டு டிக்கெட்

அவிசாவளை ஸ்டாண்டில் பஸ் புறப்படும் முன்பே யோகராஜுக்கு உடம்பு நடுங்கத் தொடங்கிவிட்டது. தீபாவளிக்கு எடுத்து, போட ஆளில்லாமல் பெட்டியில் கிடந்த முழுக்கைச் சட்டையைத் துஷ்யந்தி பையிலிருந்து எடுத்து அவனுக்கு மாட்டிவிட்டாள்.

சட்டை தொளதொளவென்று தொங்கியது. கை நீண்டு விரல்களை மூடியது. அவள் இரண்டு மடிப்பு மடித்துவிட்டாள்.

"ரொம்பத்தான் எளைச்சிட்டீங்க."

அவன் ஜன்னல் பக்கம் ஒதுங்கி உட்கார்ந்தான்.

ரஷ்யாவில் டிரைவர் வேலை என்று ஒரு ஏஜென்ட் சொன்னதை நம்பிப் போனவன். போய் இறங்கியதும் கையில் துவக்கைக் கொடுத்துச் சண்டைக்கு அனுப்பிவிட்டார்கள். எதிராளிகளிடம் பிடிபட்டு, சிறையில் கிடந்து, விடுதலையாகி இன்று காலைதான் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கினான். அவன் எதிரே வந்து நின்ற பிறகும், துஷ்யந்தி பயணிகள் வெளியே வரும் கண்ணாடிக் கதவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்டக்டர் வந்தார்.

"யட்டியாந்தோட்டைக்கு ரெண்டு" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது.

முன் சீட்டிலிருந்த பெண் திரும்பி, "மஹத்தயாவுக்கு உடம்புக்கு முடியலையா?" என்று சிங்களத்தில் கேட்டாள். சண்டையில் பிடிபட்டுத் திரும்பி வருகிறார் என்று துஷ்யந்தியும் சிங்களத்திலேயே சொன்னாள். அந்தப் பெண் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். யாரோ பிடுங்கிவிடுவார்கள் என்பதுபோல் யோகராஜ் அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்து முடித்தான்.

கரவனெல்ல தாண்டி றப்பர் மரங்கள் தெரியத் தொடங்கியதும்தான் முதல்முறையாக வாயைத் திறந்தான்.

"அம்மா?"

"இருக்காங்க. நடக்கத்தான் முடியல. அதான் நான் மட்டும் வந்தேன்."

அவனிடம் கேட்க அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயத்தில் முந்தானையை முறுக்கிக்கொண்டே வந்தாள். அவனும் இரண்டு மூன்று தடவை ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டான்.

யட்டியாந்தோட்டையில் இறங்கினார்கள். தோட்டத்துக்குப் போக அவள் திரீவீல் ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினாள். அவன் ஏறவில்லை.

"ஏறுங்க. பாப்பா நான் கெளம்பும்போதே நம்ம லயத்து வீட்டு வரிசை முனையில வந்து நின்னுட்டா. அப்பா வர்றாருன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவன் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

"நான் வரல. அந்தப் புள்ள மொகத்த என்னால பாக்க முடியாது."

கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். துஷ்யந்தி அவன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். அவள் உதடுகள் காய்ந்திருந்தன.

"எதுவா இருந்தாலும் இங்கயே சொல்லிடுங்க. அவ முன்னாடி வேணாம்."

யோகராஜ் நிமிர்ந்தான். வழிந்த கண்ணீரைத் துடைக்கவில்லை.

"என்கூட வந்த ஒங்க வீட்டுக்காரர என் கையாலதான் பொதச்சேன், தங்கச்சி."