சந்தனம் வைத்த ரிவால்வர்

பால் பொங்கியது. அணைத்தான்.

காப்பி குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான்.

வெள்ளைப் பருத்திக் கையுறைகளை மாட்டிக்கொண்டு கண்ணாடி அலமாரியைத் திறந்தான்.

ஐந்து பழைய கைத்துப்பாக்கிகள். எதுவும் சுடாது. எல்லாவற்றிலும் தோட்டாவைத் தட்டும் சுத்தியலின் முனை அறுக்கப்பட்டிருக்கிறது. அண்ணனிடம் இதைப் பலமுறை சொல்லிவிட்டான். அண்ணன் துப்பாக்கிகளைப் பார்ப்பதில்லை. இவன் முகத்தைப் பார்க்கிறார்.

துணியில் ஒரு சொட்டு எண்ணெய். முதலாவதைத் துடைத்தான். அடுத்தது. அதற்கடுத்தது. நான்காவது.

ஐந்தாவதைத் தொடவில்லை.

அது வெப்லி ரிவால்வர். முதல் உலகப் போர்க் காலத்தில் பர்மிங்காமில் செய்தது. உடலில் அரசாங்கத்தின் அம்பு முத்திரை. பிடியின் அடியில் கயிறு கட்ட ஒரு வளையம். கை நழுவினாலும் உடையவனை விட்டுப் போகாது.

யாருடைய இடுப்பில் இருந்தது என்று வெகுநாள் தேடினான். கிடைக்கவில்லை.

"எத்தன பேரக் கொன்னிருக்கும்?"

போன ஆயுத பூஜையன்று காலையில் மனைவி கேட்டாள். கையில் சந்தனக் கிண்ணம்.

"தெரியாது."

"பாவம், அதுக்கும் தெரியாது. அப்ப இதுக்குத்தான் மொதப் பொட்டு."

வெறும் விரலால் வைத்தாள். குழலின் மேல் சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

துப்பாக்கி சேர்ப்பவர்கள் எவரும் செய்யாத காரியம். விரல் பட்டாலே வியர்வையின் உப்பு எஃகைத் தின்னும். இது ஈரச் சந்தனம்.

அவன் துணியோடு ஓடிவந்தான். அவள் அலமாரிக்குக் குறுக்கே நின்றுகொண்டு சிரித்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக்கூடாதாம்.

பொரி வாங்க மறந்திருந்தாள். ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

தெருமுனையில் யாரோ திருஷ்டி சுற்றி உடைத்த பூசணிக்காய். முன்சக்கரம் வழுக்கியது. பின்னால் லாரி.

மறுநாள் அவன் வீட்டில் இல்லை. பிணவறை வாசலில் இருந்தான்.

சந்தனம் எப்போதோ காய்ந்து உதிர்ந்துவிட்டது. அந்த இடத்தில் துரு. ஒரு விரல் நுனியின் அளவு.

அழைப்பு மணி அடித்தது.

ஜெரால்டு அங்கிள். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய துப்பாக்கிகளைப் பற்றி இவனோடு பேச ஊரில் அவர் ஒருவர்தான். துக்கத்துக்கு வந்தபின் இப்போதுதான் வருகிறார்.

"சவரம் பண்றதில்லையா மேன்? எங்க சர்ச்சு வாசல்ல உக்காந்தா நல்லாக் காசு விழும் உனக்கு."

அவன் சிரிக்கவில்லை. அவர் அலமாரியிடம் போனார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"ஓ மை காட். என்னா மேன் இது? வெப்லிய இப்படியா வைப்ப?"

பைக்குள் கைவிட்டார். சன்னமான இரும்பு நார். ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டி. எங்கே போனாலும் அவரிடம் இவை இருக்கும்.

"அர மணி நேரம் குடு. இருந்த எடமே தெரியாது."

"வேணாம் அங்கிள்."

"துரு அப்படியே நிக்கும்னு நெனைக்கிறியா? உள்ள போய்க்கிட்டேதான் இருக்கும்."

"எவ்வளவு நாளைக்கு?"

அவர் ரிவால்வரைப் பார்த்தார். பிறகு, அண்ணன் பார்ப்பது போலவே, அவன் முகத்தைப் பார்த்தார்.

"என் ஆயுசு பத்தாது. உன் ஆயுசுக்கு வரும்."

வெளியே லோடு ஆட்டோ ஒன்று போனது. ஒலிபெருக்கியில் ஒரு குரல் கூவியது. பூஜைக்குப் பூசணிக்காய், பூஜைக்குப் பூசணிக்காய்.

அது தெரு திரும்பியது.

ஜெரால்டு அங்கிள் இரும்பு நாரில் எண்ணெய் விட்டார். மறு கை ரிவால்வரை நோக்கி நீண்டது. அந்தக் கையை அவன் பிடித்தான்.

"தொடாதீங்க. அவ சொல்லிட்டுப் போயிருக்கா."

"என்னா சொன்னா?"

அவன் வாசலைப் பார்த்தான்.

அன்று ஒரு செருப்பை மாட்டியாயிற்று. மற்றொன்றைக் காலால் துழாவியபடி, கதவைப் பிடித்துக்கொண்டு, திரும்பிச் சொன்னாள்:

"நீ தொடச்சே, கைய ஒடிச்சிருவேன். நாளைக்கு நானே தொடைக்கிறேன்."