பன்னிரண்டு கர்ப்பிணிகள்

வயிற்றில் ஆறு மாதக் குழந்தையோடு, புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிக்கொண்டு வந்து படுத்திருந்தாள் மனைவி. ஆய்வக உதவியாளனான கணவன் ஒரு கரண்டித் தேனை நீட்டினான்.

"வாந்தி எடுத்தே உயிர் போகுதுங்க. இது வேற எதுக்கு?"

"எங்க ஆய்வகத்துல கீமோ ஏத்தின பன்னெண்டு கர்ப்பிணிகளுக்கு இதைக் குடுத்தோம். ஒரு குழந்தைக்கும் குறையில்ல. உனக்கும் நல்லதும்மா."

அவள் முகம் மலர்ந்தது. "அதுல ஒருத்தங்க ஃபோன் நம்பர் வாங்கிக் குடுங்களேன். ரெண்டு வார்த்தை பேசினா தெம்பா இருக்கும்."

அவன் தலைகுனிந்தான். "அதெல்லாம்... எலிங்க."

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"சரி, எலிதான். அந்தத் தாய் எலிங்க இப்போ எப்படி இருக்கு?"

"பொறக்கறதுக்கு முன்னாடியே வயித்துலேருந்து குட்டிகளை எடுத்துப் பார்க்கணும்னா தாயைக் கொன்னுதான் ஆகணும். நான்தான் கொன்னேன்."

அவள் கரண்டியை வாங்கித் தேனை விழுங்கினாள்.

"குழந்தைக்காகக் குடிச்சேன். எனக்கும் நல்லதுன்னு இனிமே சொல்லாதீங்க."