எந்தக் கிளிமெனே?

"தண்ணி அப்புறம். மொதல்ல நீ யாரு வீட்டுப் பொண்ணு, அதச் சொல்லு" என்றார் மிக்கோன்.

பலிபீடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தவள் சொன்னாள். பெயர் திராத்தா. மெலந்தாஸ் வீட்டு அடிமை. நாளைய திருவிழாவில் பலி கொடுக்க மாலை போட்டு வைத்திருந்த விலாங்கு மீன், அவள் கையிலிருந்து வழுக்கி ஏரிக்குள் போய்விட்டது. அதற்காக அவளை வெள்ளிச் சுரங்கத்துக்கு விற்கப் போகிறார்கள்.

சுரங்கத்துக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

மெலந்தாஸ் என்றதும் மிக்கோனின் முகம் கடுத்தது. அவரும் ஒரு காலத்தில் அந்த வீட்டு அடிமைதான். விடுதலையாகி, இந்தப் பீடத்தைப் பெருக்கிப் பிழைக்கிறார். இருபது வருஷத்துக்கு முன்னால் அவர் மகள், பெரிய வீட்டுப் பெண்களுக்கே கிடைக்கும் பூசைக் கூடையைத் திருவிழாவில் சுமந்து முன்னால் நடக்க ஆசைப்பட்டாள். "மாவரைச்சவ பேத்திக்குக் கூடை கேக்குதோ?" என்று மெலந்தாஸின் அப்பா நடுத்தெருவில் வைத்துக் கேட்டார். அந்த ஆள் செத்து மண்ணாகிவிட்டார். மிக்கோன் மறக்கவில்லை.

தண்ணீர் கொடுக்காமலே பெருக்கிக்கொண்டிருந்தார்.

மெலந்தாஸ் இரண்டு தடியன்களோடு வந்து சேர்ந்தார். கூடவே ஊர்த்தலைவர் டெக்சிப்போஸ். பின்னால் வேடிக்கை பார்க்கப் பாதி ஊர். அவர்கள் முன்னாலும் திராத்தா தண்ணீர் கேட்டாள்; மிக்கோன் காதில் வாங்காமல் பெருக்கினார்.

தலைவர் கையை விரித்துவிட்டார். தெய்வத்தின் பீடத்தைப் பிடித்தவளை யாரும் தொடக்கூடாது, தொட்டால் ஊருக்கே ஆகாது என்றார். பீடத்தின் நடுக்கல்லில் 'கிளிமெனே' என்று பெயர் இருக்கிறது. கடலரசனின் மகள், தேவதை. மெலந்தாஸின் அப்பாதான் அந்தக் கல்லைக் கண்டுபிடித்தவர். ஊர்சுற்றிப் பாடகன் ஒருவனுக்கு வயிறு முட்ட விலாங்கு வறுத்துப் போட்டு, அவள்தான் தங்கள் வம்சத்தின் மூலத்தாய் என்று பாட வைத்தார். கல்லைச் சுற்றிப் பீடம் கட்டி, 'எங்கள் குலத்தாய்க்கு' என்று கொட்டை எழுத்தில் கொத்தியும் வைத்தார்.

அப்பா கட்டிய பீடமே குறுக்கே நிற்கிறதே என்று மெலந்தாஸ் பல்லைக் கடித்தார்.

மிக்கோன் துடைப்பத்தைக் கீழே போட்டார்.

"ஒரு சந்தேகம் தலைவரே. கிளிமெனேங்கிற பேரு ஒருத்திக்குத்தானா? பாட்டுல நாலஞ்சு பேரு வர்றாங்களே. கடலரசன் மக ஒருத்தி. மினியாஸ் ராசா மக ஒருத்தி. ஹெலன் பின்னாடியே டிராய் வரைக்கும் போயிக் கால் கழுவி விட்டாளே, அந்த வேலைக்காரி பேரும் அதுதான். இது அவ சமாதியா இருந்துட்டா?"

"இருந்தா இவளை இழுத்துட்டுப் போகலாம். அடிமை சமாதியில ஏது அடைக்கலம்?" என்றார் தலைவர்.

திராத்தாவின் முகம் செத்துப்போனது. கூட்டத்தில் ஒருத்தி காறித் துப்பினாள். "ஒரு வாய் தண்ணி குடுக்கல. இப்பக் காட்டியும் குடுக்கறியா, கெழவா? நீயும் அடிமையா இருந்தவன்தானே?"

மெலந்தாஸுக்கு முகம் மலர்ந்தது. "பெரியவர் சொல்றதுதான் சரி. வேலைக்காரியேதான். எங்கப்பாவே சாகறப்ப எங்கிட்டச் சொன்னாரு."

"பீடத்துல கை வெச்சுச் சொல்லிடுங்க எசமான். தலைவருக்கும் மனசு சமாதானமாப் போயிரும்."

மெலந்தாஸ் கையை வைத்தார். "இது ஹெலனோட அடிமை கிளிமெனே..."

"எங்க குலத்தாய்" என்று மிக்கோன் எடுத்துக் கொடுத்தார். "உங்கப்பா கொத்தி வெச்சிருக்காரே. அதையும் சேத்துச் சொல்லுங்க."

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. அடிமை வழி வந்தவர்கள் சபையில் உட்கார முடியாதே என்று தாடியைத் தடவினார். நாளைக்குக் கூடை சுமக்க மெலந்தாஸின் மகளுக்குப் பதிலாக வேறு வீட்டுப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப வருத்தத்தோடு சொன்னார்.

மெலந்தாஸின் கை, கொதிக்கும் சட்டியில் பட்டதுபோல மேலே வந்தது.

"கடலரசன் மக. இதுல என்ன சந்தேகம்? வேலைக்காரின்னு எந்த முட்டாப்பய சொன்னான்?"

"அப்போ இந்தப் பொண்ணு?" என்று கேட்டார் மிக்கோன்.

"தேவதையே வெச்சுக்கட்டும்" என்று முணுமுணுத்துவிட்டு, வந்த வேகத்தைவிட வேகமாகப் போனார். வேடிக்கை முடிந்ததென்று கூட்டமும் கலைந்தது.

மிக்கோன் குவளை நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார். திராத்தா ஒரே மூச்சில் குடித்தாள்.

"அப்பவே குடுத்திருந்தா அவன் என் பேச்சக் கேட்டிருப்பானா?" என்றார்.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு நடுக்கல்லைப் பார்த்தாள். எழுத்துகள் கோணல்மாணலாக ஓடின. "நெசமாவே இது எந்தக் கிளிமெனே ஐயா? தேவதையா, வேலைக்காரியா?"

"எங்கம்மா" என்றார் மிக்கோன். "அந்த வீட்டுல மாவரைச்சே செத்தா. ஒருத்தனும் அவளைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. எங்க பொதச்சாங்கன்னும் எனக்குச் சொல்லல. எட்டு வயசுல ஒரு ஆணிய வெச்சு நான்தான் இந்தக் கல்லுல கிறுக்கினேன். எனக்கு எழுதத் தெரிஞ்சதே அந்த ஒரு பேருதான்."