கோட்டில் நின்ற செவலை

துறைமுகத்து நாய் செவலை கப்பலேறிச் சீமைக்குப் போய், பல வருஷம் கழித்து ஊர் திரும்பியது. நம்பாதவர்கள் கப்பலைக் கேட்டுக்கொள்ளலாம்.

வந்திறங்கியதும் கொலைப்பசி. எதிர்ச்சாரியில் கல்யாண மண்டபம். பந்தி முடிந்து எச்சில் இலைகள் வெளியே விழுந்தன. தம்பி கருவாயன் வண்டிகளுக்கு நடுவே பாய்ந்து போய்க் கத்தியது.

"ஓடியா அண்ணே, வடை கிடக்கு!"

செவலை சாலையின் வெள்ளைக் கோட்டருகே நின்றுகொண்டது. "அங்கெல்லாம் கோட்டுல நின்னா வண்டி தானா நிக்கும்டா."

"இங்க நீதான் நிக்கணும்!"

"பொறு, நாமதான் இவங்களைப் பழக்கணும்."

கருவாயன் வயிறு முட்டத் தின்று படுத்தேவிட்டது.

கடைசியில் ஒரு லாரி நின்றது. செவலை டிரைவருக்குத் தலையசைத்து நன்றி சொல்லி, ஆடி அசைந்து சாலையைக் கடந்தது. அதற்குள் அந்த லாரியிலிருந்து இறங்கிய குப்பைக்காரர்கள் மிச்ச இலைகளையெல்லாம் வாரி ஏற்றியிருந்தார்கள்.

செவலை தம்பியை எழுப்பியது. "பாத்தியாடா, எனக்காக நிறுத்திட்டான்!"