கூட இருப்பவர்

செவிலியர் பற்றாக்குறை அடியோடு தீர்ந்துவிட்டதாக அரசு மருத்துவமனை வார்டின் கூரை ஸ்பீக்கரிலிருந்து ஒரு கணினிக் குரல் தினமும் அறிவிக்கும். உண்மைதான். நோயாளியுடன் கூட இருக்க வந்தவர்களே இப்போது, அந்தக் குரல் சொல்லச் சொல்ல, ஊசி போட்டார்கள்.

கணவன் மாசானத்தின் குடல்வால் ஆபரேஷனுக்குக் கூட வந்த பேச்சியம்மாள் கெட்டிக்காரி. டிரிப்ஸ் ஏற்றினாள், தையல் பிரித்தாள், பக்கத்துக் கட்டில்காரருக்கும் நரம்பு தேடிக் கொடுத்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

டிஸ்சார்ஜ் அன்று குரல் அன்பாகச் சொன்னது: "நோயாளி வீட்டுக்குப் போகலாம். கூட இருப்பவர் இங்கேயே இருப்பார்."

"அவ எம் பொண்டாட்டிங்க!"

"வாழ்த்துகள். இந்த வார்டுக்கு நர்ஸ் என்று இருப்பது அவர் ஒருவர்தான்."

வாசல் கதவு மாசானத்துக்கு மட்டும் திறந்தது.

சில மாதம் கழித்து, பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்த அவனை அதே வார்டில் கொண்டுவந்து போட்டார்கள்.

"கூட யார் வந்திருக்கிறார்கள்?" என்றது குரல்.

எதிர்க் கட்டிலில் யாருக்கோ பிரஷர் பார்த்துக்கொண்டிருந்த பேச்சியம்மாளை அவன் சந்தோஷமாகக் கைகாட்டினான்.

"அவர் பணியில் இருக்கிறார். வீட்டில் வேறு பெண்கள் இருந்தால் அழைத்து வரவும்."

பேச்சியம்மாள் அங்கிருந்தே கத்தினாள்: "ஏங்க, கால் போனாலும் போகட்டும். மவளக் கூட்டிட்டு வந்துராதீங்க!"