பின்பாக்கெட் இல்லாத பேன்ட்

"என்ன மாஸ்டர் இது? பேன்ட்ல பின்பாக்கெட்டையே காணோம்!" வலது காலை நொண்டிக்கொண்டு கடைக்குள் வந்தவர் கத்தினார்.

தையற்காரர் மெஷினை நிறுத்தினார். "வேணும்னுதான் சார் வைக்கல. இடுப்புல ஆரம்பிச்சு பாதம் வரைக்கும் சுரீர்னு இழுக்குதா?"

"ஆமா, ஒரு மாசமா உயிரை வாங்குது. மாத்திரைக்கும் மசியல. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அளவுக்குக் கொடுத்தீங்களே பழைய பேன்ட், அதுல வலது பின்பாக்கெட் மட்டும் செங்கல் வச்ச மாதிரி உப்பிக் கிடந்துச்சு. அந்தப் பர்ஸ் மேலயே நாள் முழுக்க உட்கார்ந்தா, அடியில ஓடுற நரம்பு நசுங்காதா? அழுத்துறது மேல, வலிக்கிறது கால்ல!"

வந்தவர் பர்ஸை எடுத்துப் பார்த்தார். பழைய ரசீதும் விசிட்டிங் கார்டுமாகப் பிதுங்கி வழிந்தது. முகத்தில் அசடும் வழிந்தது.

"துணி தைக்கிற உங்களுக்கு இதெல்லாம் யாரு சொன்னா?"

தையற்காரர் டிராயரைத் துழாவி, மடித்து வைத்திருந்த மருந்துச் சீட்டை நீட்டினார். 'பின்பாக்கெட்டில் பர்ஸ் வைக்கவே கூடாது' என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தது. சீட்டின் கீழே, கடைக்கு வந்தவருடைய கையெழுத்து.

"போன வருஷம் நான் நொண்டிக்கிட்டு வந்தப்போ, திட்டித் திட்டி எழுதிக் கொடுத்தீங்களே... மறந்துட்டீங்களா டாக்டர்?"